தேதி இல்லாத பயம்

1979 ஜூலையில் பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் வானத்தைப் பார்த்தபடியே நடந்தோம். அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையம் உடைந்து விழப்போகிறது, எங்கே விழும் என்று நாசாவாலேயே சொல்ல முடியவில்லை என்று ரேடியோவில் செய்தி. 70 டன்னுக்கு மேல் எடை. எதிர்வீட்டு அக்கா, "போறதுக்கு முன்னாடி ஒரு வேளை நல்லாச் சாப்பிட்டுடலாம்" என்று கறி எடுத்துவரச் சொன்னார். அன்று ராத்திரி அம்மா எங்களை எல்லாம் தன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கவைத்தார். அப்பா தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்களும் பயந்தார்கள்; எங்களிடம் அதை மறைக்கவில்லை.

ஜூலை 12 காலையில், ஸ்கைலாப் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்துவிட்டது, யாருக்கும் காயமில்லை என்று சேதி வந்தது. பள்ளிக்கூடம் போனோம். பயம் அதோடு தீர்ந்தது.

1980 பிப்ரவரி சூரிய கிரகணமும் அப்படித்தான். மத்தியானம் தெருவே வெறிச்சோடியது. கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்து, உலை வைத்தார்கள். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது, பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினோம். அது நிஜமான ஆபத்து; உயிர்கள் போயின. ஆனாலும் அது அடங்கியது, கடைகள் திறந்தன. எங்கள் பயங்களுக்கெல்லாம் ஒரு தேதி இருந்தது. அந்த நாள் கடந்தால் மூச்சு விடலாம்.

என் பேத்தி பெல்லந்தூர்ப் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் வளர்கிறாள். பத்து வயதுக்குள் அவள் பார்த்ததைச் சொல்கிறேன். 2022 செப்டம்பரில் நகரத்தின் கிழக்குப் பகுதியில் வெள்ளம். டிராக்டரிலும் படகிலும் ஜனங்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து, 2024 மார்ச்சில், அதே நகரத்தில் தண்ணீர் இல்லை. 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன. தன் வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே சொன்னார். குடிநீரில் கார் கழுவினாலும் செடிக்கு ஊற்றினாலும் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. ஏப்ரல் 28 அன்று வெயில் 38.5 டிகிரியைத் தொட்டது. நான் பிறந்து வளர்ந்த அல்சூர் வீட்டில் ஃபேனே கிடையாது.

அந்தக் கோடையில்தான் பேத்திக்கு ஒரு பழக்கம் வந்தது. ராத்திரி தூக்கத்தில் எழுந்துபோய், பாத்ரூம் குழாய் சொட்டுகிறதா என்று கையை அடியில் வைத்துப் பார்ப்பாள். ஸ்கூல் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரை மறக்காமல் துளசிக்கு ஊற்றுவாள். ஒருநாள் கேட்டாள்: "பாட்டி, நான் பெரியவளாகறப்போ இந்த ஊர்ல தண்ணி இருக்குமா?"

"அதெல்லாம் இருக்கும், நீ படி" என்று அவள் அப்பா சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் குழந்தை அதை நம்பவில்லை. டேங்கர் எப்போது வரும் என்று அதே அப்பா வாட்ஸ்அப் குரூப்பில் விடிகாலையிலேயே கேட்டுக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

2021-இல் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயது வரையிலான 10,000 பேரிடம் நடத்திய ஆய்வு லான்செட் குழும இதழில் வெளிவந்தது. 59 சதவீதம் பேர் பருவநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அன்றாட வாழ்க்கையையே இந்தக் கவலை பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கு மேல். அரசுகள் எங்களைக் கைவிட்டுவிட்டன என்ற எண்ணமும் இந்த மனவேதனையும் சேர்ந்தே இருப்பதை ஆய்வு காட்டியது. மூத்தவர்கள் எதுவும் செய்யவில்லை என்று தோன்றும்போதுதான் பிள்ளைகள் தனியாகப் பயப்படுகிறார்கள்.

அவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை. ஸ்கைலாப் போல இந்த ஆபத்து வானத்திலிருந்து விழுந்ததல்ல; நாமே வரவழைத்தது. சம்பங்கி ஏரியைத் தூர்த்துத்தான் கண்டீரவா ஸ்டேடியம் வந்தது; மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்குமிடம் தர்மாம்புதி ஏரி. சாக்கடையை விட்டு விட்டு பெல்லந்தூர் ஏரி நுரைத்தது, 2017-லும் 2018-லும் தீப்பிடித்தே எரிந்தது. 2016-இல் அல்சூர் ஏரியில் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன.

போன வருஷம் எங்கள் வளாகத்தில் மழைநீருக்காகக் கிணறு தோண்டினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் வந்தார்கள். ஒருவர் உள்ளே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் போட, மேலே நின்றவர் கயிற்றால் இழுத்தார். பிறகு சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினார்கள். பேத்தி பள்ளி விட்டு வந்ததும் நேரே அங்கே போய் நிற்பாள். மொட்டைமாடித் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக வரும், மண் அதை எப்படிக் குடிக்கும் என்று விளக்கமாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அவள்தான் கிணற்றைக் காட்டுகிறாள். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் ராத்திரியில் எழுவது குறைந்திருக்கிறது.

சாப்பாடும் தூக்கமும் கெடுகிற அளவுக்குப் பயம் போனால் தயங்காமல் உதவி கேட்க வேண்டும். பெங்களூர் நிம்ஹான்ஸ் வழிநடத்தும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். மற்றபடி இந்தப் பயம் நோய் அல்ல. கண்ணைத் திறந்து பார்க்கிற குழந்தைக்கு வருவது.

இந்தப் பயத்துக்கு நம்மால் தேதி குறிக்க முடியாது. நாம் செய்யும் வேலைக்குக் குறிக்கலாம். பெங்களூரில் பெரிய மனைகளில் உள்ள கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கர்நாடகச் சட்டம் கட்டாயமாக்கியது 2009-இல். உங்கள் கட்டடத்தில் அது இருக்கிறதா, வேலை செய்கிறதா? இல்லையென்றால் அடுத்த ஜூன் மழைக்குள் முடிப்போம் என்று பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். சொன்ன நாளில் முடியுங்கள். "பயப்படாதே" என்று சொல்லும் உரிமை அதற்குப் பிறகுதான் நமக்கு வரும்.