அளவுக்கு மிஞ்சிய அடுப்பு

வின்னிபெக்,
நவம்பர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் போனில் "வீடு சூடா இருக்காடா?" என்று கேட்டீர்கள், நானும் "இருக்குப்பா" என்றேன். பொய். அப்போது மூன்று சட்டைக்கு மேல் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, பால் காய்ச்சுகிற சாக்கில் ஸ்டவ்வைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றுகொண்டிருந்தேன்.

வருடாந்திரச் சோதனைக்கு வந்தவர் பேஸ்மென்டில் இருக்கும் ஃபர்னஸைத் திறந்து விளக்கடித்துப் பார்த்தார். உள்ளே தீயையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கிற தகட்டில் விரிசலாம். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் தூக்கத்திலேயே கதை முடிந்துவிடும் என்று கேஸை மூடி, சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டுப் போய்விட்டார். வெளியே மைனஸ் 18.

ஃபர்னஸ் என்றதும் இரும்பு உருக்கும் உலை என்று அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். பீரோவுக்குத் தம்பி மாதிரி ஒரு தகரப் பெட்டி. கேஸை எரித்துக் காற்றைச் சூடாக்கிக் குழாய் வழியே அறை அறையாக ஊதும். நம் ஹால் கூலர் செய்ததற்கு நேர் எதிர் வேலை.

அந்தக் கூலரை மறக்க முடியுமா? பத்மாராவ் நகர் வீட்டின் பத்தடி ஹாலுக்கு, ஒரு மளிகைக் கடைக்கே போதுமான கூலரை வாங்கி வந்தீர்கள். போட்டதும் பேப்பர் பறந்தது, காலண்டர் முருகர் சுவரைவிட்டுக் கிளம்பி ஸ்கந்தகிரி கோயிலுக்கே போகப் பார்த்தார். "பெரிசா இருந்தா பர்வாலேது, சின்னதா இருந்தாத்தான் கஷ்டம்" என்றீர்கள். ஜெனரல் பஜாரில் என் ஸ்கூல் டிரவுசருக்குத் துணி எடுத்தபோதும் அதே வேதவாக்குதான்: "வளர்ற பையன், ரெண்டு இஞ்ச் விட்டுத் தை." பத்தாம் வகுப்பு வரை நான் டிரவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன்.

புது ஃபர்னஸுக்கு விலை சொல்ல வந்த முதல் ஆள் உங்கள் ஜாதி. வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. பழைய பெட்டியின் லேபிளைப் படித்தார்: மணிக்கு 1,20,000 பி.டி.யு. "இதே சைஸ் போட்டுவிடலாம், குளிர் ஊர், பெரிசா இருந்தால் நல்லது" என்றார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. கையெழுத்துப் போடப் போனேன், உங்கள் மருமகள்தான் பேனாவைப் பிடுங்கினாள்.

நீங்கள் ஏசிக்கு ஒன்றரை டன் என்பீர்களே, அந்த டன்னும் இந்த பி.டி.யு.வும் ஒரே குடும்பம். ஒரு அமெரிக்க டன் ஐஸை ஒரே நாளில் கரைக்கிற வெப்பம், மணிக்கு 12,000 பி.டி.யு. ஆக எங்கள் பழைய ஃபர்னஸ் பத்து டன். மூன்று படுக்கையறை வீட்டுக்குள் கல்யாண மண்டபத்துச் சமாசாரம்.

இரண்டாவதாக வந்தவர் தையல்காரர் மாதிரி டேப்போடு வந்தார். சுவர், ஜன்னல், பரணில் பரப்பியிருக்கும் பஞ்சின் கனம் எல்லாம் அளந்தார். வாசல் கதவில் ஒரு ராட்சச ஃபேனைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சிவிட்டு, எங்கெங்கே குளிர்காற்று உள்ளே நுழைகிறது என்று புகை காட்டிப் பார்த்தார். அவருடைய புகைக்குழல் தீர்ந்துபோனதும் அம்மா அனுப்பிய ஊதுபத்தியைக் கொளுத்திக் கொடுத்தேன். வெளிச்சுவரின் பிளக் பாயின்ட்டுகள் ஒவ்வொன்றின் முன்னாலும் புகை வளைந்து கும்பிடு போட்டது. வீடு முழுக்கச் சாமி அறை வாசனை. அவருக்கும் பிடித்துப்போய் ஒரு பாக்கெட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கணக்குப் போட்டுக் காட்டினார். நம் ஊர் மே மாதத்தில் வெளியே 42, உள்ளே 26 என்றால் ஏசி சமாளிப்பது 16 டிகிரி. இங்கே உள்ளே 21, வெளியே மைனஸ் 33. ஐம்பத்து நான்கு டிகிரி! அது ஏன் 33 என்று கேட்டேன். 1879 டிசம்பர் 24-ல் இங்கே மைனஸ் 47.8 வரை இறங்கியதாகப் படித்துவைத்திருந்தேன். அவர் அசரவில்லை. கட்டிடச் சட்டப்படி இந்த ஊருக்குக் கணக்கு மைனஸ் 33. ஜனவரி மாதத்தின் மொத்த மணிகளில் இரண்டரை சதவீதம்தான் அதற்குக் கீழே போகும், அதாவது பதினெட்டு பத்தொன்பது மணி நேரம். "அதற்காகவா வாழ்நாள் முழுக்க யானையைக் கட்டித் தீனி போடுவீர்கள்?" யானை என்றது என் மொழிபெயர்ப்பு. அவர் சொன்னது லாரி.

எங்கள் வீடு அந்தக் குளிரில் இழப்பது மணிக்கு 48,000 பி.டி.யு. எனவே 60,000 பெட்டியே தாராளம். பழையதில் பாதி!

அப்பா, இனிமேல் சொல்வதைக் கோபப்படாமல் படியுங்கள். பெரிசு என்றால் பர்வாலேது இல்லையாம். தெர்மோஸ்டாட் இருப்பது ஹாலில். பெரிய ஃபர்னஸ் கர்ஜித்துக்கொண்டு கிளம்பும், ஐந்து நிமிஷத்தில் ஹாலைக் காய்ச்சிவிட்டு அணைந்துவிடும். கோடியிலுள்ள படுக்கையறைக்குச் சூடு போய்ச் சேர்வதற்குள் கச்சேரி முடிந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கர்ஜனை. நம் ஊர் பாரடைஸ் சிக்னலில் நின்று நின்று போகும் ஆட்டோ மாதிரி. கேஸும் வீண், பாகங்களும் தேய்மானம். போதாக்குறைக்கு, அவ்வளவு சூட்டை அள்ளிப்போகும் காற்று எங்கள் ஒல்லிக் குழாய்களில் போகாது. சூடு உள்ளேயே தேங்கித் தேங்கித்தான் அந்தத் தகடு வெடித்ததாம். பன்னிரண்டு வருஷமாக என் மகள் அறை மட்டும் ஏன் ஊட்டியாக இருந்தது என்று இப்போதுதான் புரிந்தது. அவளிடம்தான் ஒவ்வொரு குளிர்காலமும் "சரியா போர்த்திக்கிட்டு தூங்கு" என்று உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

புதுசு வந்து நான்கு நாளாகிறது. சத்தமே இல்லாமல் மணிக்கணக்கில் ஓடுகிறது. முதல் இரவு, நின்றுவிட்டதோ என்று மூன்று முறை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன். மகள் அறையில் ஜன்னல் ஓரம் கூட இதமாக இருக்கிறது.

மே மாதம் நீங்கள் இருவரும் வரும்போது இது தூங்கிக்கொண்டிருக்கும். ஜனவரியில் வாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷன் ஒரு பழைய நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுகிறானாம். அம்மா சும்மா உட்கார மாட்டாள், எனவே இன்னும் லாபம்.

அம்மா பின்னி அனுப்பிய ஸ்வெட்டர் வந்து சேர்ந்தது. தோள் முழங்கை வரை இறங்குகிறது. எனக்கு நாற்பத்தைந்து முடிந்துவிட்டது என்று அவளுக்கு நினைவூட்ட வேண்டாம். உள்ளே இன்னொரு ஸ்வெட்டர் போட்டால் கச்சிதமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்,
கண்ணன்