ஆயிரம் சி.சி.க்குள் வீரம்

கொழும்பில் ஸ்போர்ட்டியான கார் வாங்க நினைப்பவர் எஞ்சினைப் பற்றி மண்டையை உடைக்கத் தேவையில்லை. அந்த வேலையை நிதியமைச்சு எப்போதோ முடித்துவிட்டது. எங்கள் நாட்டில் பெற்றோல் காரின் வரி எஞ்சினின் சி.சி.யைப் பார்த்து ஏறும். ஆயிரத்தைத் தாண்டினால் அடுத்த படி. அதனால்தான் ஹொண்டா ஐரோப்பாக்காரனை மனதில் வைத்துச் செய்த 988 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின், நீட்டு உடம்புச் சிவிக்கோடு வந்து கொழும்புத் தெருவெல்லாம் ஓடித் திரிகிறது. கோட்டுக்குப் பன்னிரண்டு சி.சி. இந்தப் பக்கம். வெளியே பார்த்தால் பாயும் புலி. பொனட்டைத் திறந்தால் தையல் மெஷின் மாதிரி ஒன்று. குறையாகச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் 1,600 சி.சி. எஞ்சினிடம் கெஞ்சி வாங்கிய வலுவை அது டர்போ புண்ணியத்தில் தருகிறது. என்ன, டர்போ கண் விழிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். காலி வீதியில் அது கண் விழிக்கும்போது அடுத்த சிக்னல் சிவப்பாகிவிடும்.

கொள்ளுப்பிட்டியில் எங்களோடு இருந்து வேலைக்குப் போகிற என் அக்காவின் மகன் இந்த விஷயத்தில் பண்டிதன். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது படிக்கத் தொடங்கியவன், தடை நீங்குவதற்குள் கலாநிதிப் பட்டத்துக்கே தகுதியாகிவிட்டான். 2022இல் கியூஆர் கோட்டா வந்து, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றிய காலத்திலும் பெற்றோல் வரிசையில் நின்றபடி, சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் எத்தனை செக்கனில் நூறைத் தொடும் என்று எனக்கு வகுப்பெடுத்தான். வரிசை நகரவில்லை.

2025 ஜனவரியில் துபாய் 24 மணித்தியாலக் கார்ப் போட்டியில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. பெப்ரவரி 1ஆம் திகதி தனியார் வாகன இறக்குமதித் தடை நீங்கியது. ஒரு மாதத்துக்குள் இரண்டு நற்செய்தி கேட்டவனைப் பிடிக்க முடியுமா? மூன்றாவது செய்தியாகப் புதிய வரியும் விலையும் வந்தபோதுதான் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தான்.

“மாமா, எஞ்சின் பெரிசில்லை. சஸ்பென்ஷனும் ஹாண்ட்லிங்கும்தான் விஷயம்.”

எஞ்சினுக்குக் காசு போதாதவர்கள் சஸ்பென்ஷனின் பெருமை பேசுவது வழக்கம்தான். ஆனாலும் அவன் சொன்னதில் பிழையில்லை. ஸ்பிரிங்கைக் கட்டையாக்கிக் காரைப் பதித்தால் பாரத்தின் மையம் கீழே இறங்கும். வளைவில் உடம்பு சரிவது குறையும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கொள்ளுப்பிட்டியில் வளைவு எங்கே இருக்கிறது? காலி வீதி நேர். டூப்ளிகேஷன் வீதியும் நேர். இரண்டும் ஒருவழி வேறு. லிபர்ட்டி சுற்றுவட்டத்தில் வேண்டுமானால் வளைக்கலாம், ஓட்டோக்காரர் இடம் விட்டால்.

அவன் கண் வைத்திருந்த பழைய கார் ஒன்றைப் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு பாஸிடம் காட்டினோம். நல்ல பதிந்த கார், அகன்ற டயர், சைலன்சர் ஓட்டைக்குள் என் கை போகும். பாஸ் அந்த அழகு எதையும் பார்க்கவில்லை. முன் மட்காட்டில் இரண்டு கையையும் வைத்து அழுத்திவிட்டு எடுத்தார். கார் எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பியது. “ஷொக் முடிஞ்சுது” என்றார். பிறகு கீழே படுத்து, லோவர் ஆர்ம் புஷ்ஷில் நீட்டுக் கம்பி ஒன்றைக் கொடுத்து நெம்பினார். ரப்பர் வாயைப் பிளந்தது. கடைசியாக அடியில் விரலை ஓட்டி, ஒட்டிய செம்பழுப்புத் துருவை எங்களுக்கு நீட்டிக் காட்டிக் கேட்டார்: “மாத்தயா, இது மரைன் டிரைவ் வாகனந்தானே?”

அதேதான். கடலோரத்தில் வருஷக்கணக்காக உப்புக்காற்று குடித்த கார். பதிவுப் புத்தகம் சொல்லாத விலாசத்தைத் துரு சொன்னது.

அடுத்ததாக அவன் ஹொண்டா எஸ்660க்குத் தாவினான். 658 சி.சி., எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், எடை 850 கிலோ அளவு. வரிக்கும் நல்லது, வளைவுக்கும் நல்லது. படத்தைப் பார்த்த என் மனைவி, “இதில ரெண்டு சீற்றுத்தானே கிடக்கு? கதிரேசன் கோயிலுக்குப் போகேக்க மாமாவை எங்க வைக்கிறது?” என்றாள். ஜப்பானியப் பொறியியலாளர் யாரும் இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை.

ஹாண்ட்லிங் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள, பொழுதுபடும் நேரம் காலி வீதியோரம் நின்றால் போதும். 101ஆம் இலக்க பஸ்ஸைச் சாரதி ஒரு கையால் இரண்டு காருக்கு நடுவே நுழைக்கிறார். கீழே இருப்பது வெறும் லீஃப் ஸ்பிரிங். ஓட்டோவை எடுங்கள். எஞ்சின் பின்னால், இழுவை பின் சக்கரத்தில். அஜித் அணியின் போர்ஷே 911க்கும் அமைப்பு அதேதான். எங்களுடையதில் முன் சக்கரம் ஒன்று குறைவு, அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே அது திரும்பும் திரும்பலை எந்தக் காட்சியறையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

மெய்யான வளைவு வேண்டுமென்றால் மலைநாட்டுக்குத்தான் போகவேண்டும். நுவரெலியா மகாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கியது 1934இல். மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவில் எந்தக் கார் எதற்கு லாயக்கு என்பது தெரிந்துவிடும். அங்கே குதிரைவலு அதிகம் உதவாது. எடை குறைந்த கார், சொன்னதைக் கேட்கும் ஸ்டியரிங், சூடேறித் தளராத பிரேக் இவைதான் உதவும். அதிவேகப் பாதையிலோ மணிக்கு நூறு கிலோமீற்றர்தான் எல்லை. அதை வேகன் ஆரும் தொடும்.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளோட்டத்தை விற்கிறவர் சொல்லும் ஞாயிறு காலையில் வைக்காதீர்கள். வார நாளில், பின்னேரம் ஐந்தரைக்கு, மழை பெய்தால் இன்னும் நல்லது, வீட்டாரை ஏற்றிக்கொண்டு உங்கள் ஒழுங்கைக்குள் திருப்பி, பிளாட்டின் கீழ்த்தளச் சரிவில் இறக்கிப் பாருங்கள். அடி உரசாமல் இறங்கினால் விலையைப் பேசுங்கள்.