அம்மாவுக்கும் வகுப்பு உண்டு

கே: எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப் போகிறவள் என் மகள். தலைமைப் பண்பு, கல்லூரித் தயாரிப்பு என்று ஒரு வகுப்பில் சேர்த்தோம். பெற்றோரும் வர வேண்டுமாம். படிக்கப்போவது அவள், எங்களுக்கு எதற்கு வகுப்பு?
(ஒரு வாசகி, கட்கி, புனே)

ப: மாப்பிள்ளை பார்க்கக் குடும்பமே கிளம்புகிறோம், கல்லூரி பார்க்க மட்டும் பிள்ளையைத் தனியே அனுப்பலாமா? அவசியம் போங்கள் அம்மா. இதற்கு முன்னோடி உங்கள் புனேயேதான். 1848-ல் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்த ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே தம்பதி, 1855-ல் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி தொடங்கினார்கள். பகலில் பிள்ளை, இரவில் பெற்றோர்! அதே ஆண்டு அவர்களுடைய மாணவி முக்தாபாய், சிறுமிதான், ஒடுக்கப்பட்ட மாங், மஹர் சாதி மக்களின் துயரத்தைக் கட்டுரையாக எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை அச்சிட்டது. தலைமைப் பண்பு என்றால் எனக்கு அவள் முகம்தான் தோன்றும்.

இன்னொரு திட்டத்தின் பெயரே இதைச் சொல்லும். கலிபோர்னியாவில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்களுக்காக 1981-ல் தொடங்கிய கல்வித் திட்டத்துக்கு 'புவெந்தே' என்று பெயர். ஸ்பானிய மொழியில் பாலம். பாலத்துக்கு இரண்டு கரையும் வேண்டுமே! பிள்ளை ஒரு கரை, பெற்றோர் மறுகரை.

நுழைவுத் தேர்வை உங்கள் மகள் எழுதிவிடுவாள். வருமானச் சான்றிதழுக்கு அலைவதும், சாதிச் சான்றிதழைத் தேடிப் பீரோவைக் குடைவதும் உங்கள் பாடம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். அவள் மேடையில் பேசிவிட்டு எட்டு மணிக்கு வீடு திரும்பினால், "ஏன் லேட்?" வேண்டாம். டீ போட்டுக் கொடுத்து, "என்ன பேசினே?" என்று கேளுங்கள்.