கண்ணடிக்க மறந்த டிஃபோ

வஞ்சப்புகழ்ச்சிக்குத் தண்டனை உண்டா? உண்டு. இருநூறு மார்க் அபராதம், மூன்று நாள் தொழுமரம், ராணிக்கு மனசு இரங்கும்வரை சிறை, வெளியே வந்த பிறகு ஏழு வருஷத்துக்கு நன்னடத்தை ஜாமீன். 1703 ஜூலையில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் போட்ட கணக்கு இது. வாங்கிக் கட்டிக்கொண்டவர் டேனியல் டிஃபோ. பிற்பாடு 'ராபின்சன் குரூஸோ' எழுதினாரே, அவரேதான்.

அப்போது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல். ஒரு நாவல்கூட எழுதியிருக்கவில்லை. பிழைப்பு வியாபாரம், அதில் கைதேர்ந்த நஷ்டக்காரர். வாசனைத் திரவியம் எடுத்து விற்கலாம் என்று எழுபது புனுகுப் பூனைகளைக் கடனுக்கு வாங்கினார். அந்த வில்லங்கத்தில் சொந்த மாமியாரையும் இழுத்துவிட்டார். 1692இல் 17,000 பவுண்டு கடனோடு திவால். அப்பா பெயர் வெறும் ஜேம்ஸ் ஃபோ. மகன் திவாலுக்குப் பிறகு முன்னால் ஒரு 'டி' ஒட்டிக்கொண்டு, பிரெஞ்சுப் பிரபு வம்சம் போலத் தோற்றம் காட்டினார். கையில் காசு இல்லாதபோது பெயரிலாவது கொஞ்சம் பகட்டு வேண்டாமா?

நாட்டு நிலவரத்தையும் சொல்லிவிட வேண்டும். 1702இல் மூன்றாம் வில்லியம் ராஜாவின் குதிரை ஓர் அகழெலி வளையில் இடறி விழுந்தது. ராஜாவுக்குக் காறை எலும்பு முறிந்து, சில நாளில் உயிரும் போயிற்று. அவருக்கு ஆகாதவர்கள் அதன் பிறகு கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் அந்த எலியை வாழ்த்திக் குடித்தார்கள். அடுத்து வந்த ராணி ஆன், அரசாங்கத் திருச்சபையின் தீவிர பக்தை. அந்தச் சபையில் சேராத கிறிஸ்தவர்களுக்கு, அதாவது மறுப்பாளர்களுக்கு, வயிற்றில் புளி கரைந்தது. டிஃபோவும் ஒரு மறுப்பாளர்.

சட்டப்படி, அரசாங்கப் பதவி வேண்டுமென்றால் அரசாங்கச் சபையில் நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். பணக்கார மறுப்பாளர்கள் இதற்குச் சுலபமான வழி கண்டுபிடித்தார்கள். பதவிக்காக ஒரு நடை அங்கே போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்வது, பிறகு பழையபடி தங்கள் கூட்டத்துக்கே வந்து உட்காருவது. 1697இல் லண்டன் மேயர் ஒருவர், மேயருக்குரிய வாள் முதலான விருதுகளோடேயே தன் மறுப்பாளர் கூட்டத்துக்குப் போய் அமர்ந்தார். அரசாங்கச் சபையாருக்கு எரிச்சல் வந்ததில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால் டிஃபோவுக்கும் எரிச்சல் வந்தது. பதவிக்காகக் கடவுளிடமே கண்ணாமூச்சியா என்று தன் ஆட்களையே அச்சில் போட்டுத் தாளித்தார். ஆக, ஆபத்துக்கு உதவ வேண்டிய சொந்த சனத்தையும் முன்கூட்டியே விரோதித்துக்கொண்டாயிற்று.

இந்தச் சமயத்தில் ஹென்றி சச்செவரெல் என்ற ஆக்ஸ்ஃபோர்டு பாதிரியார், மறுப்பாளர்களுக்கு எதிராக ரத்தக் கொடி ஏற்றவேண்டும் என்ற தோரணையில் பிரசங்கம் செய்துவிட்டுப் போனார். டிஃபோ உட்கார்ந்து யோசித்தார். இவர் குரலிலேயே, இவர் சொல்லக் கூசுகிற அடுத்த வரியையும் சேர்த்து எழுதினால் என்ன? 1702 டிசம்பரில், ஆசிரியர் பெயரில்லாமல், 'மறுப்பாளர்களை ஒழிக்க மிகக் குறுகிய வழி' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பிரசுரம் வெளியானது. அபராதமாவது ஒன்றாவது, கூட்டத்துக்குப் போகிறவனை நாடு கடத்து, போதகனைத் தூக்கில் போடு, சனியன் ஒழிந்தது என்பது அதன் சாரம். நக்கலான தொனி இல்லை, மிகையான அடைமொழி இல்லை. பிரசங்க மேடையில் மூச்சு வாங்க நிற்கிற பாதிரியாரின் அசல் குரல்.

நடந்த கோளாறு புரிய வேண்டுமென்றால் ஒரு நிமிஷம் ஏதென்ஸுக்குப் போக வேண்டும். சோஃபக்ளிஸ் ஈடிபஸ் நாடகத்தை மேடையேற்றியபோது, அப்பனைக் கொன்றவன் யார், அம்மாவைக் கட்டியவன் யார் என்பது பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் முன்பே தெரிந்த கதை. தெரியாத ஒரே ஆள் மேடையில் நின்று, குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சபதம் போடும் ராஜா. அவன் அறியாமையும் நம் அறிவும் உரசும் இடத்தில்தான் நாடகம் பற்றிக்கொள்கிறது. அதாவது முரண்நகைக்கு ஒரு கூட்டாளிக் கூட்டம் தேவை. டிஃபோ அதற்கு டிக்கெட்டே விற்கவில்லை. ரகசியம் தெரிந்தவர் ஆசிரியர் ஒருவர். அரங்கம் முழுக்க ஈடிபஸ்கள்.

தீவிர சபைக்காரர்கள் பிரசுரத்தைப் படித்து உள்ளம் குளிர்ந்தார்கள். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒருவர், வேதாகமத்துக்கும் அதன் உரைகளுக்கும் அடுத்தபடி தான் மதிப்பது இதைத்தான் என்று புத்தகக் கடைக்காரருக்கு எழுதினாராம். மறுப்பாளர்கள் தூக்குமரத்தின் நிழலைக் கண்டு நடுங்கினார்கள். பிறகு உண்மை கசிந்தது. பாராட்டியவர்களுக்குத் தாங்கள் பாராட்டியது எதை என்று புரிந்தபோது வந்த கோபத்தைச் சொல்லவேண்டியதில்லை. பயந்தவர்களுக்கும் கோபம்தான்: இப்படியா விளையாடுவது? ஒரே பிரசுரத்தால் இங்கிலாந்தின் இரண்டு எதிர்த்தரப்புகளையும் ஒற்றுமைப்படுத்திய சாதனை டிஃபோவுடையது. 'அது கேலி ஐயா' என்று விளக்கி இன்னொரு குட்டிப் பிரசுரம் போட்டார். ஜோக்குக்கு உரை எழுதியவன் என்றைக்கு உருப்பட்டான்?

அரசுச் செயலர் நாட்டிங்ஹாம் பிரபுவுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயரே 'மூஞ்சியில் இருள்' என்ற பொருளில் இருந்தது. அவரிடமா கேலியைச் சொல்லிப் புரியவைப்பது? பிடித்துக்கொடுத்தால் ஐம்பது பவுண்டு என்று அரசிதழில் விளம்பரம் வந்தது: நடுத்தர உயரம், ஒல்லி, சுமார் நாற்பது வயது, கொக்கி மூக்கு, கூரிய முகவாய், சாம்பல் கண், வாயருகே பெரிய மச்சம். டிஃபோவின் முக அடையாளத்துக்கு இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் கும்பிட்டு நம்புவது இந்தப் போலீஸ் விளம்பரத்தைத்தான். பிப்ரவரியில், நாடாளுமன்ற உத்தரவுப்படி, தூக்குப் போடும் ஊழியர் கையாலேயே பிரசுரத்தைக் கொளுத்தினார்கள். மே மாதம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஒரு நெசவாளர் வீட்டில் ஒளிந்திருந்த டிஃபோ அகப்பட்டார். கோர்ட்டில் போய் நிமிர்ந்து பார்த்தால், மேடையில் இருந்த நீதிபதிகளில் ஒருவரான சர் சலாத்தியல் லவல், முந்தைய வருஷம் டிஃபோ கவிதையில் வைத்துக் கிழித்தவர். மனிதருக்கு ராசி அப்படி.

தொழுமரம் என்றால் தலையையும் கைகளையும் பலகை ஓட்டைகளில் மாட்டி நடுத்தெருவில் நிறுத்துவது. அரசாங்கம் நிறுத்துவதோடு சரி; அழுகல் முட்டையும் கல்லும் எறிகிற மிச்ச வேலை பொதுமக்களுடையது. அதில் செத்தவர்கள் உண்டு. ஜூலை 29, 30, 31 ஆகிய மூன்று நாளும் கார்ன்ஹில், சீப்சைடு, டெம்பிள் பார் என்று மூன்று இடங்களில் டிஃபோ நின்றார். அதற்குள் சிறையிலிருந்தே தொழுமரத்தைத் துதித்து ஒரு பாட்டு எழுதி அச்சடிக்க ஏற்பாடு செய்திருந்தார். அவர் மேலே மாட்டிக்கொண்டு நிற்க, கீழே பாட்டு விற்பனை. கூட்டம் பூ வீசியது என்று பிற்காலத்தில் கட்டிவிட்ட கதையை நான் அப்படியே நம்பமாட்டேன். ஆனால் கூட்டம் அவரை ஆரவாரித்து இறக்கியது என்று எதிரிகளே வயிறெரிந்து எழுதியிருக்கிறார்கள். இந்த முறை தப்பே நடக்கவில்லை. மரத்தில் மாட்டிய ஆள் மரத்தைப் புகழ்ந்தால் எந்த மடையனுக்கும் புரியும். ஏதென்ஸில் சோஃபக்ளிஸுக்கு வாய்த்த கூட்டம் டிஃபோவுக்கு லண்டன் தெருவில் வாய்த்தது.

நவம்பரில் ராபர்ட் ஹார்லி என்ற அரசியல்வாதி ராணியின் பணத்தில் அபராதத்தைக் கட்டி வெளியே எடுத்தார். சும்மாவா? எந்த அரசாங்கம் மரத்தில் மாட்டியதோ அதே அரசாங்கத்துக்கு எழுத்தாளராகவும் உளவாளியாகவும் வேலை. டில்பரியில் வைத்திருந்த செங்கல், ஓடு சூளை இதற்குள் படுத்துவிட்டிருந்ததால் மறுக்கவும் வழியில்லை.

பாடம் கற்றாரா? 1713இல், ஹனோவர் வம்சம் அரியணை ஏறக்கூடாது என்பதற்கான காரணங்கள் என்று தலைப்பிட்டு ஹனோவர் வம்சத்துக்கு ஆதரவாக ஒரு பிரசுரம் எழுதினார். தலைப்பைப் படித்தவர்கள் உள்ளே போகவில்லை, மறுபடி கைது. எல்லாம் எதிர்மறையாக எழுதியது என்று அவர் சொன்னது கோர்ட்டில் எடுபடவில்லை. ராணியின் மன்னிப்புதான் காப்பாற்றியது.

ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் அயர்லாந்துக் குழந்தைகளைச் சமைத்துச் சாப்பிடலாம் என்று யோசனை சொல்லி, வறுப்பதா வேகவைப்பதா என்கிற அளவுக்கு விவரம் கொடுத்தார். அவரை யாரும் கைது செய்யவில்லை. பிள்ளைக்கறி என்றதும் வாசகனுக்குச் சந்தேகம் வந்துவிடும். மறுப்பாளர்களைத் தூக்கில் போடுவது அப்படியில்லை. நாட்டில் பாதிப் பேர் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. இதே ஸ்விஃப்ட்தான் முன்பொரு முறை டிஃபோவைப் பற்றி எழுதும்போது, தொழுமரத்தில் நின்ற அந்த ஆசாமி, பேர் மறந்துபோச்சு என்று போகிற போக்கில் தட்டிவிட்டுப் போனார்.

1719இல் டிஃபோ 'ராபின்சன் குரூஸோ'வை, குரூஸோவே எழுதியதாக, முழுக்க நடந்த சரித்திரம் என்ற உத்தரவாதத்தோடு வெளியிட்டார். நாலே மாதத்தில் நாலு பதிப்பு. சார்லஸ் கில்டன் என்ற எழுத்தாளர் உடனே ஒரு பிரசுரம் போட்டு, இது டிஃபோ விட்ட புளுகு என்று வரிவரியாகப் பிடித்துக் கொடுத்தார்.