குண்டூர் நாட்டில் ஒன்றரை ஏக்கர்

மானேஜர் ஒரு பொய்க் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டார் என்றால், அடுத்த நிமிடம் செல்போனில் கொல்லிமலையைத் திறந்துவிடுவார். "குண்டூர் நாட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் சார். சில்வர் ஓக் மரம், அதுல மிளகுக்கொடி. இன்னும் ரெண்டே வருஷம், பேப்பர் போட்டுட்டுப் போயிடுவேன்." பல வருஷமாக அந்த ரெண்டு வருஷம் குறையவே இல்லை, நிலம்தான் கூடிக்கொண்டே போகிறது. அது கூடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆறு மணி நேர வேலையை டைம்ஷீட்டில் ஒன்பது என்று ஏற்றி பில் போட்டால் பத்து சென்ட். நேற்றுக் காலேஜ் முடித்த பையனின் பயோடேட்டாவில் மூன்று வருஷ அனுபவத்தைச் செருகி அனுப்பினால் அரை ஏக்கரும் ஒரு ஓடையும். பெரிய கிரயமெல்லாம் அப்ரைசல் மாதத்தில்தான். பத்துப் பேரும் ஒழுங்காக உழைத்த டீமில், யாராவது கடைசியில் இருந்தே ஆகவேண்டும் என்று பெல் கர்வ் கேட்கிறது என ஒரு பையனைக் கடைசி ரேட்டிங்கில் தள்ளுகிற அன்று ஓட்டு வீடும் இரண்டு பசுவும் சேர்ந்துவிடும். இப்படியே போனால் நாடு என்று பெயர் கொண்ட மலையின் 14 ஊராட்சிகளும் அவருக்குப் பத்தாது.

வீட்டுக் கடன், பிள்ளைகள் ஃபீஸ் இருக்கிற மனுஷன் வேறென்ன செய்வார், ஒரு கனவு கண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சமரசம் செய்யாமல் சம்பளம் வாங்குகிறவர் யாருமில்லை. அதில் தகராறே இல்லை. ஆனால் தப்பு செய்தவனுக்குக் கொஞ்சம் உறுத்த வேண்டும். உறுத்தினால்தான் அடுத்த முறை கை ஒரு கணமாவது தயங்கும். இவருக்கு உறுத்துவதற்குள் மிளகு மணக்க ஆரம்பித்துவிடுகிறது. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் நிலத்தை வெளியார் வாங்க என்னென்ன கட்டுப்பாடு என்று இவர் இதுவரை விசாரித்ததும் இல்லை. வாங்குகிற உத்தேசம் இருந்தால்தானே விசாரிக்க?

நகரம்தான் கெடுத்தது, மலை சுத்தம் என்பது இவருடைய கடைசி வாதம். ஆனால் இவர் ஓடித் தப்ப நினைக்கும் கம்பெனி இவருக்கு முன்பே மலையேறியாயிற்று. கொல்லிமலை பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியதும், 2008-ல் அது நின்றதும் பழைய கதை. சாமையும் தினையும் விளைந்த காடுகள் பலவற்றில் இன்று குச்சிக்கிழங்கு என்றால், அது கீழேயுள்ள ஜவ்வரிசி ஆலைகளுக்காக. சாமையை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வந்து பாடுபட வேண்டியிருந்தது. அதுவும் சமரசம்தான். ஆனால் கிழங்கு போடுகிறவர் அதைக் காசுக்காகத்தான் போடுகிறார். தவமென்று பெயர் வைப்பதில்லை. அந்த மலைப் பிள்ளைகளும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கூலிக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் கீழே ஒரு மானேஜர் காத்திருப்பார்.

ஆகவே சார், மலைக்குத் தாராளமாகப் போங்கள். மிளகுக்கொடி நட்டாலும் காய்க்க மூன்று நாலு வருஷம் ஆகும். கடைசியில் தள்ளிய அந்தப் பையனின் ரேட்டிங்கை இந்த வெள்ளிக்கிழமையே திருத்தலாம்.