கரும்பு மெஷினில் வளர்ந்த கலை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் ஒன்று கோயில் கமிட்டியில் சேர வேண்டும், இல்லை கலையில் இறங்க வேண்டும். கமிட்டியில் இடம் காலியில்லை. எனவே ஏற்காடு மலையில் எங்கள் வெள்ளக்கடையில் அச்சு ஓவியம் பிறந்தது.

கறுப்பு மையோடு நின்றவரை வீடு பொறுத்துக்கொண்டது. சில்வர் ஓக் இலையை அட்டையில் ஒட்டி, வார்னிஷ் பூசி, மை தடவித் துடைத்து, ஈரத் தாளில் அழுத்தி எடுப்பேன். இலையின் நரம்பு நரம்பாக விழும். பார்த்தவர்கள் “ஜெராக்ஸா?” என்பார்கள். அந்த ரோஷத்தில்தான் நிறத்துக்கு மாறினேன். அதற்கு வழிகாட்டி அச்சு ஓவியர் கிருஷ்ண ரெட்டி.

1925இல் சித்தூர் பக்கம் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படித்துவிட்டுச் சென்னை கலாக்ஷேத்திராவில் 1949 வரை ஓவியப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அந்த வகையில் நம்ம ஆள். பிறகு லண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம், பாரிஸில் ஹேய்ட்டரின் ‘அட்டலியே 17’ பட்டறை. நிறத்துக்கொரு தகடு செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பதுதான் வழக்கம். ரெட்டியும் சக ஓவியர் கைகோ மோத்தியும் அங்கே ஒரே தகட்டில் எல்லா நிறத்தையும் ஏற்றி ஒரே அழுத்தில் எடுத்துவிட்டார்கள். ரெட்டி சிற்பி அல்லவா, தகட்டை மேடும் பள்ளமுமாகக் குடைந்தார். மேட்டுக்கு ஆளிவிதை எண்ணெய் தூக்கலாகக் கலந்த இளகிய மை, கடின உருளையால். பள்ளத்துக்குக் கெட்டி மை, மெத்தென்ற உருளையால். எண்ணெய்ப் பசை மிகுந்த மேட்டில் கெட்டி மை ஒட்டாது; பள்ளத்தில் போய்த்தான் உட்காரும்.

இந்த விஞ்ஞானத்தை வீட்டில் விலாவாரியாக விளக்கினேன். “பலாப்பழம் அரியறப்போ பால் ஒட்டாம இருக்கக் கையில எண்ணெய் தடவிக்கிறோமே, அதானே?” என்றாள் மனைவி. அதேதான். மனுஷர் பாரிஸ் வரை போயிருக்கவே வேண்டாம்.

கடின உருளைக்குப் பூரிக்கட்டை. மெத்தென்ற உருளைக்கு இன்னொரு பூரிக்கட்டைமேல் சைக்கிள் டியூப். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரவு உப்புமா.

நிறம் பிடிபட்டதும் கண்டதையும் சேர்க்கும் துணிச்சல் வந்தது. காப்பி மண்டியைத் தாளில் பூசினால் அருமையான பழுப்பு. எங்களுடையது பாக்சைட் வெட்டிய மலை. அதன் செம்மண்ணைச் சலித்து எண்ணெயில் குழைத்தால் காவி. மெல்லிய தாள்களை மேலே ஒட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. சேலம் ஜில்லாக்காரனுக்கு வேறு பசை எதற்கு? கரப்பான்களும் அதே கட்சிதான். ஒரு படத்தில் மேற்கு வானம் முழுவதையும் தின்றுவிட்டன.

தாளை நனைத்து வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஐப்பசியில் வெள்ளக்கடையில் தாளைச் சும்மா வைத்தாலே நனைந்துவிடும். காய வைப்பதுதான் பெரும்பாடு. கொடியில் துணியோடு தொங்கிய படத்திலிருந்து என் வேட்டிக்குக் காவி இறங்கியது. நான் மாலை போட்டிருப்பதாக நினைத்து டீக்கடையில் எல்லோரும் ‘சாமி’ போட்டார்கள். திருத்தினால் மரியாதை போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

ரெட்டி தம் ‘பெரிய கோமாளி’ தகட்டை நிறம் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டே போனவர். தகடு ஒன்றுதான், ஒரு பிரதியில் சிரிக்கிற கோமாளி அடுத்ததில் கலங்கி நிற்பதாகத் தோன்றும். அச்சென்றால் அச்சு அசலாக நூறு பிரதி என்று நினைத்திருந்த எனக்கு இது கண்திறப்பு. என் பிரதிகளில் இரண்டுகூட ஒன்றுபோல் வராததற்குக் கௌரவமான காரணமும் கிடைத்தது.

பாக்கி இருந்தது பிரஸ். அதன் விலைக்கு ஒரு பசு வாங்கலாம் என்று கணக்குச் சொல்லப்பட்டது. இரண்டு இரும்பு உருளை, நடுவே தகடு, மேலே கம்பளி: இவ்வளவுதானே பிரஸ்? அப்படியொன்று ஏற்காடு ஏரிக்கரையில் தினம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது! அட்டையையும் பழைய கம்பளியையும் தூக்கிக்கொண்டு கரும்பு ஜூஸ்காரரிடம் போய் நின்றேன். “எலுமிச்சம்பழம் போடவா சார்?” என்றார் பழக்கத்தில். உருளையின் பற்கள் படத்தில் சாய்கோடுகளாக விழுந்தன. சேர்வராயன் மலையில் அடைமழை! நான் நினைத்தே செய்ததாக இன்றுவரை சொல்லிவருகிறேன்.

வாடகையாக ஒரு பிரதி கேட்டார். வண்டியில் மாட்டிவிட்டார். டூரிஸ்ட் ஒருவர் நின்று பார்த்து, “என்ன விலை?” என்றாராம். இவர் கரும்பைத் திருப்பிக்கொண்டே, “சின்னது இருபது, பெருசு முப்பது” என்றிருக்கிறார். கேட்டவர் படத்தை இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பக்கத்து வண்டிக்கு மிளகாய் பஜ்ஜி சாப்பிடப் போய்விட்டாராம்.