கண் சிமிட்டச் சொன்ன இணையதளத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: திரைவாசிப்பான் சொல்லக் கேட்டு நடக்கும் ஒரு குடிமகன்.
பெறுநர்: இணையதளப் பிரிவு, பெயர் சொன்னால் மனம் வருந்தக்கூடிய ஓர் அரசு அலுவலகம்.
பொருள்: நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் தளத்தின் உச்சியில் ‘ஸ்க்ரீன் ரீடர் அக்சஸ்’ என்று ஓர் இணைப்பு உண்டு. அதைத் திறந்தால் பார்வையற்றவர்கள் எந்தெந்தத் திரைவாசிப்பானை நிறுவிக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. திரைவாசிப்பான் இருப்பவர்தான் அந்தப் பட்டியலையே படிக்க முடியும் என்பது இருக்கட்டும். பட்டியலில் விண்டோ-ஐஸ் இன்னும் இருக்கிறது. அந்த மென்பொருளின் கதை 2017-லேயே முடிந்துவிட்டது. செத்தவர் பெயரை ரேஷன் அட்டையிலிருந்து நீக்காத வீடு மாதிரி, தங்கள் விசுவாசம் என்னை நெகிழ வைத்தது.

விண்ணப்பத்துக்குள் நுழைந்தேன். ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று வாசித்தது என் திரைவாசிப்பானான என்விடிஏ. எது சமர்ப்பிக்கும், எது அழிக்கும் என்பதை அழுத்தித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரலில் ஒரு பெயர் எழுதினால் போதும். அதை எங்கள் துணிச்சலுக்கு விட்டுவிட்டீர்கள்.

அடுத்து கேப்சா. நான் மனிதன்தான் என்று நிரூபிக்க, கோணல்மாணலான எழுத்துகளைப் பார்த்து எழுத வேண்டும். ஒலி வடிவம் கிடையாது. ஆகவே பிரவுசிங் சென்டர் தம்பி எனக்காக மனிதரானார். ஆதார் எண், கடவுச்சொல் எல்லாம் அவர் கையில். ‘ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற தங்கள் குறுஞ்செய்தியை என் போன் உரக்க வாசித்தது. எண்ணும் சேர்த்துத்தான். தம்பிக்கு நன்றாகவே கேட்டது.

சந்தேகம் தீர்த்துக்கொள்ள அரசாணையைத் தரவிறக்கினேன். முத்திரை, கையெழுத்து சகிதம் ஸ்கேன் செய்த படம். ‘வெற்று ஆவணம்’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டது திரைவாசிப்பான். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை பற்றிய ஆணையாம் அது. தம்பிதான் சொன்னார்.

கடைசியில் முகச் சரிபார்ப்பு. முகத்தை வட்டத்துக்குள் வைத்துக் கண் சிமிட்டச் சொன்னது. வட்டம் எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. அமில வீச்சில் தப்பிப் பிழைத்த பிரக்யா பிரசூன் 2023-ல் வங்கிக் கணக்கு தொடங்கப் போனபோதும் இந்தச் சிமிட்டல்தான் குறுக்கே நின்றது. அவர் வழக்கிலும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்றது. 20 உத்தரவுகளும் போட்டது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அதற்கு முன், 2024 நவம்பரில், ராஜீவ் ரதூரி வழக்கு. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15-ஆம் விதி 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கே முரண் என்ற நீதிமன்றம், கட்டாய விதிகளை வகுக்க மூன்று மாதம் கொடுத்தது. சட்டம் தந்திருந்த இரண்டாண்டுக் கெடுவோ 2019-லேயே முடிந்திருந்தது. கெடுவைத் தவறவிடுவதில் சட்டம், நீதிமன்றம் என்று தாங்கள் பாகுபாடு காட்டாதது பாராட்டுக்குரியது.

ஆகவே ஐயா, தளத்தின் அடுத்த பதிப்பை மந்திரி கையால் திறப்பதற்கு முன், திரையை அணைத்து, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, இலவசமாகவே கிடைக்கும் என்விடிஏவைக் கொண்டு அதில் தாங்களே ஒரு விண்ணப்பம் போட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த மனுவுக்குப் பதில் எழுதுவதாக இருந்தால் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பவும். தயவுசெய்து ஸ்கேன் செய்ய வேண்டாம்.